மூன்று மழைக்கும் காயாத லுங்கி

அன்புள்ள தம்பிக்கு,

யாங்கோனிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழைதான் விட்டபாடில்லை. நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். மற்ற விசேஷங்களைப் போனில் பேசிக்கொள்ளலாம், இப்போது கதையை மட்டும் பார்ப்போம்.

நடை உனக்குக் கைவந்திருக்கிறது. மாயம்தான் நிற்கவில்லை. போப்பா மலையடியில் செண்பக மரத்தைச் சுற்றிப் போகிறவன் வேறொரு நாட்டுக்குள் விழுகிறான், அங்கே ஓர் இரவு என்றால் இங்கே ஒரு வருஷம் என்று எழுதியிருக்கிறாய். மூன்று இரவு தங்குகிறான். திரும்பி வருகிறபோது, போகிற அன்று அவன் துவைத்துப் போட்ட லுங்கி இன்னும் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது! மூன்று மழைக்காலம் போயிருக்க வேண்டாமா? படிக்கிறவன் இந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு உன்னைத் தேடுவான். வேறு நாட்டுக்கு வழிவிடுகிற மரத்தை நம்பியவன், காயாத லுங்கியை நம்ப மாட்டான்.

1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில், ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் ஓர் உரை நிகழ்த்தினார். மாயக்கதை எழுதுகிறவர்கள் இன்றைக்கும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற உரை அது. அதில் பச்சைச் சூரியனைப் பற்றிச் சொல்கிறார். ‘பச்சைச் சூரியன்’ என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். அந்தச் சூரியன் உதிக்கிற உலகத்தில் அது இயல்பாக இருக்கும்படி செய்வதில்தான் உழைப்பே இருக்கிறது. பச்சை வெயிலில் நெல் எந்த நிறத்தில் பழுக்கும், மஞ்சள் பூசிய முகம் எப்படித் தெரியும் என்றெல்லாம் நீ யோசித்திருக்க வேண்டும். அத்தனையையும் எழுத வேண்டாம், உனக்குத் தெரிந்திருந்தால் போதும். அவநம்பிக்கை தலைதூக்கிய கணத்தில் மாயம் முறிந்துவிடும் என்பதும் அவர் சொன்னதுதான்.

அடுத்தது உன் நட் ஆவிகள், பர்மியர் கும்பிடுகிற அந்தத் தெய்வங்கள். விரல் உயரம், தட்டான் சிறகு. இது எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘ஃபேரி’ என்ற சொல் பழைய பிரெஞ்சில் குட்டி உருவத்தைக் குறிக்கவில்லை. மயக்கத்தையும், அந்த மயக்கம் ஆள்கிற நாட்டையும் குறித்தது. வேர்ச்சொல் லத்தீனில் விதியைக் குறிப்பது. ஷேக்ஸ்பியர், டிரேட்டன் என்ற கவிஞர்கள் காலத்துக் கவிதை மோகம்தான் ஃபேரிகளைப் பூவிதழுக்குள் படுக்கவைத்தது என்று டோல்கீன் எரிச்சல்படுகிறார். அதற்கு முந்தைய கதைகளில் பெரும்பாலும் அவர்கள் ஆள் உயரம், பேரழகு, சொன்ன சொல்லில் பிடிவாதம். கிராமத்து ஜனங்கள் பெயர் சொல்லப் பயந்து ‘நல்லவர்கள்’ என்றே சொல்லுவார்கள். நாம் நாகத்தை நல்ல பாம்பு என்கிறோம் அல்லவா, அம்மை போட்டால் ‘ஆத்தா வந்திருக்கா’ என்கிறோமே, அதே பயம்தான். சிறகை வெட்டிவிடு. அவர்களைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுகிற ஒரு பாட்டியைக் கொண்டுவா. பாதி வேலை முடிந்துவிடும்.

உன் முக்கியமான குழப்பம் இதுதான்: இரண்டு வகை மாயத்தை ஒரே பானையில் போட்டிருக்கிறாய். ஒன்று மந்திரவாதியின் வித்தை. இத்தனை உரு ஜெபித்தால் இது நடக்கும், பிசகினால் இது கெடும் என்று ஒரு தொழில் மாதிரி. இங்கே ரசவாதம் செய்கிற ஜோஜி அந்த வகை. இன்னொன்று ஒரு நாட்டின் தன்மை. அங்கே யாரும் மந்திரம் போடுவதில்லை, நாம் தண்ணீர் குடிக்கிற மாதிரி அவர்களுக்கு அது. முதல் வகைக்கு விதியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாயத்தால் சிக்கலை அவிழ்ப்பதாக இருந்தால், அந்த மாயம் வாசகனுக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அவிழ்க்கலாம் என்று 2007-இல் பிராண்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்க மாயக்கதை எழுத்தாளர் எழுதினார். கணக்குச் சரிதான். இரண்டாம் வகைக்கு அது பாதிதான் பொருந்தும். விதி தெரிய வேண்டும், காரணம் தெரியக் கூடாது. நீ தலைகீழாகச் செய்திருக்கிறாய். ஆவிகளுக்கு எங்கிருந்து சக்தி வருகிறது என்று மூன்று பக்கம் விளக்கம், மின்சார வாரிய அறிக்கை மாதிரி. எதைத் தொடக்கூடாது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஐரிஷ் கதையில் ஓஷீன் என்ற வீரன் இளமை மாறாத நாட்டுக்குப் போகிறான். ஊர் நினைப்பு வந்து திரும்பும்போது அவனுக்கு ஒரே ஒரு நிபந்தனை: குதிரையிலிருந்து இறங்காதே, கால் மண்ணில் படக்கூடாது. வந்து பார்த்தால் 300 வருஷம் போயிருக்கிறது. ஒரு பாறையைப் புரட்ட முடியாமல் திணறுகிறவர்களுக்கு உதவப் பக்கவாட்டில் குனிகிறான், சேணத்து வார் அறுகிறது, விழுகிறான், மண் பட்டதும் கிழவன். எங்கே கைதேர்ந்த வேலை தெரிகிறது பார். ஆணவத்தால் விதியை மீறவில்லை, உதவி செய்யப் போய் மீறுகிறான். அவனைக் கெடுத்தது ஒரு தோல் வார். மண் ஏன் படக்கூடாது என்று கதையில் யாரும் விளக்கவில்லை, நாமும் கேட்பதில்லை.

இதற்கு நீ அயர்லாந்து வரை போக வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையை எடுத்து வைத்துக்கொள். மதுரைக்கு வழி கேட்டவர்களுக்கு மாங்காட்டு மறையோன் மூன்று வழி சொல்கிறான். இடப்பக்க வழியில் திருமால்குன்றம், அங்கே ஒரு பிலம், அதாவது குகை. அதற்குள் புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்று மூன்று பொய்கைகள். முதலாவதில் முழுகினால் இந்திரன் செய்த நூல் கைவரும், இரண்டாவதில் பழம்பிறப்பு தெரியும், மூன்றாவதில் நினைத்தது கிடைக்கும். வாசலில் வரோத்தமை என்ற பெண் வந்து நிற்பாள். இம்மைக்கு இன்பம் எது, மறுமைக்கு இன்பம் எது, இரண்டும் அல்லாமல் என்றும் நிலைத்து நிற்பது எது என்று கேட்பாள். பதில் சொன்னால் கதவு திறக்கும். உள்ளே இடைகழிகளும் கதவுகளும் தாண்டிப் போனால் ஓவியம் மாதிரி இன்னொருத்தி. அவள் கேட்பதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் துன்பம் செய்ய மாட்டாள், கொண்டுபோய் வழியில் விட்டுவிடுவாள்.

வாசல், காவல், கேள்வி, பலன், தவறினால் என்ன ஆகும் என்று எல்லாம் அளவாக வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு இளங்கோ செய்வதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கவுந்தியடிகள் இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார், கதை அந்தப் பிலத்துக்குள் போவதே இல்லை. போகாத வாசல் ஒன்று இருந்தால் உலகம் பெரிதாகிவிடும். உன் கதையில் நீ காட்டுகிற கதவு எல்லாவற்றிலும் உன் ஆள் நுழைந்து பார்க்கிறான்.

அவர்கள் நடுவழியில் போகிறார்கள். அங்கே மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு என்று மறையோன் முன்னாலேயே எச்சரித்திருக்கிறான். கோவலன் தண்ணீருக்காகப் பொய்கைக் கரைக்கு வருகிறான். அந்தத் தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை வடிவில் வந்து காலில் விழுந்து அழுகிறது. பயங்கர உருவம் எதுவும் எடுக்கவில்லை, அவன் மனசு எங்கே புண்ணாக இருக்கிறதோ அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டது. அவனுக்கு எச்சரிக்கை நினைவுக்கு வருகிறது, கொற்றவை மந்திரத்தைச் சொல்கிறான், வேஷம் கலைகிறது. கலைந்ததும் தெய்வம் கெஞ்சுகிறது: நான் செய்ததைக் கண்ணகியிடமும் கவுந்தியடிகளிடமும் சொல்லாமல் போ என்று. ஒரு தெய்வம் வெட்கப்படுகிறது! அப்புறம் அவன் தாமரை இலையில் தண்ணீர் ஏந்திப் போய் மனைவியின் தாகத்தைத் தீர்க்கிறான். மயக்கம் பொய், தண்ணீர் நிஜம். உன் கதையில் மாயம் முடிகிற ஒவ்வொரு இடத்திலும் இப்படி ஒரு நிஜப்பொருள் கையில் மிஞ்சுகிறதா என்று பார்.

வேஷத்தைக் கண்டுபிடிக்கிற அடையாளமும் முன்கூட்டியே வேண்டும். நளன் கதையில் நான்கு தேவர்கள் நளன் உருவத்திலேயே வந்து உட்காருகிறார்கள். தமயந்தி எப்படிப் பிரிக்கிறாள்? அவர்களுக்கு வியர்க்கவில்லை, கண் இமைக்கவில்லை, மாலை வாடவில்லை, கால் தரையில் படவில்லை, நிழல் விழவில்லை. ஐந்தும் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடியவை. நீயோ ‘மர்மமான’ என்ற சொல்லை இரண்டாம் அத்தியாயத்தில் மட்டும் பதினொரு இடத்தில் போட்டிருக்கிறாய். எண்ணினேன். பதினொன்றையும் எடுத்துவிட்டு வாடாத மாலை ஒன்றைப் போடு.

சாப்பாட்டுக்கு வருகிறேன். உன் ஆள் அந்த நாட்டில் மொகிங்கா, அந்த மீன்குழம்பு நூடுல்ஸ், சாப்பிடுகிறான், ஒன்றும் ஆகவில்லை. கிரேக்கக் கதையில் பெர்செஃபனி என்ற தேவதை கீழுலகத்தில் மாதுளை விதை தின்றதற்கு வருஷத்தில் ஒரு பகுதியை அங்கேயே கழிக்க வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் கதைகளிலும் அந்த நாட்டுச் சோற்றைத் தொடாதே என்பது திரும்பத் திரும்ப வரும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிற நமக்கு இது புரியாதா? சாப்பிட்டவன் விருந்தாளி, விருந்தாளிக்குக் கடன் உண்டு. ஒன்று சாப்பிடாமல் பசியோடு இருக்கட்டும், இல்லையென்றால் கடனை எழுது. இரும்பும் அப்படித்தான். அந்தக் கதைகளில் ஃபேரிகளுக்கு இரும்பு ஆகாது, நாம் கறிச்சோறு கொண்டுபோகும்போது கரித்துண்டோ ஆணியோ போட்டு அனுப்புகிறோம். உன் ஆள் இடுப்பில் சாவிக்கொத்தோடு உள்ளே போயிருக்கிறான், அது உனக்கே மறந்துபோயிற்று.

நட்களை வைத்து எழுதுவதென்றால் இரவல் வாங்காமல் இந்த மண்ணின் கணக்கை எடு. பகானை 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அனோரதா ராஜா நட்களை 37 பேர் என்று வரிசைப்படுத்தி, தலைமைக்குத் தஜாமினை, அதாவது நம் இந்திரனை, வைத்ததாகச் சொல்வார்கள். மற்றவர்களில் பலர் அகால மரணம் அடைந்த மனிதர்கள். தௌங்பியோன் சகோதரர்கள் பகோடா கட்டத் தங்கள் பங்குச் செங்கல்லை வைக்கவில்லை என்று கொல்லப்பட்டார்கள். அந்தச் செங்கல் இடம் இன்றும் காலியாக விட்டிருக்கிறது. சுவரில் ஒரு பொந்து, அதற்குள் முழுக்கதை. மஹாகிரி என்ற நட் உயிரோடு இருந்தபோது ஒரு கொல்லன். தகௌங் ராஜா அவனைச் செண்பக மரத்தில் கட்டி எரித்தான், தங்கையும் தீயில் பாய்ந்தாள். அந்த மரத்தின் நிழலுக்கு வந்ததெல்லாம் செத்ததால் மரத்தை வெட்டி ஐராவதியில் விட்டார்கள், அது பகானுக்கு மிதந்து வந்தது. ஆகவே உன் செண்பக மரம் அலங்காரமில்லை. அதன் நிழலில் நுழைகிறவன் எதற்குள் நுழைகிறான் என்று இங்கே பிறந்தவனுக்குத் தெரியும். அந்த நிழல்தான் உன் எல்லை, தனியாக ஒளிவட்டம் எதுவும் வேண்டாம்.

தீயில் செத்தவருக்குக் குளிர்ச்சி வேண்டும் என்றுதான் பர்மியர் வீட்டுத் தூணில் சிவப்புத் துணி கட்டிய தேங்காய் தொங்குகிறது. தண்ணீர் வற்றினால் மாற்றியாக வேண்டும். இதை உன் கடிகாரமாக வைத்துக்கொள். முதல் அத்தியாயத்தில் பக்கத்து வீட்டு அக்கா புதுத் தேங்காய் கட்டுகிறாள், இவன் ஸ்டூலைப் பிடித்துக்கொள்கிறான். காதில் வைத்து ஆட்டிப் பார்க்கிறாள், சளப்பென்று கேட்கிறது. ஏன் கட்டுகிறார்கள் என்று யாரும் பேச வேண்டாம். இரண்டாம் அத்தியாயத்தில் வேறு யாரோ ஒரு சின்ன விதியை மீறிச் சின்னதாக நஷ்டப்படட்டும், ஒரு பத்தி போதும். மூன்றாவதில் இவன் திரும்பி வந்து தன் வீட்டுக்கு முன்னால் அந்த வீட்டைப் பார்க்கிறான். துணி வெளுத்திருக்கிறது. தேங்காயை ஆட்டுகிறான், சத்தமில்லை. மாற்ற ஆளில்லாத வீடு. எத்தனை வருஷம் என்று நீ எழுதவே வேண்டாம்.

மறக்காமல் சாவிக்கொத்துக்கு ஒரு வழி பண்ணு. போனில் சிம் செத்திருக்கும், அதையும் பார். லுங்கியைக் கொடியிலிருந்து எடுத்துவிடு, கொடிக்கயிற்றை விட்டுவை.

திருத்தியதை அச்செடுத்து அனுப்பு தம்பி, போனில் படித்தால் கண் வலிக்கிறது.

அன்புடன்,
அம்மா