19.4

பாடத்திட்டம் வகுக்கும் பெரியவர்களுக்கும் வினாத்தாள் எடுப்பவர்களுக்கும் வணக்கம்.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து இந்த மடலை எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது.

ஐப்பசியில் எங்கள் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவைத்திருந்தோம். ஐந்தாம் நாள்தான் எங்கள் முறை வந்தது. நடுவில் இரண்டு இரவு மழை. ஊழியர் ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி ஒரு சிறிய கருவியின் குழியில் கொட்டினார், மூடினார், பொத்தானை அழுத்தினார். ஈரம் 19.4 சதவீதம் என்று வந்தது. வாங்குவதற்கு வரம்பு 17. "காயவைத்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். தாத்தா அதே நெல்லில் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "நேற்றைக்கு இன்று தேவலை" என்றார். தாத்தாவின் பல்லில் தசமப் புள்ளி கிடையாது, அதனால் அது கணக்கில் வரவில்லை.

"இதற்குள் என்ன அண்ணே இருக்கிறது?" என்று கேட்டேன். "கொஞ்சம் தள்ளி நில் பாப்பா" என்றார். அவர்மேல் வருத்தமில்லை, பின்னால் இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

நெல்லை அரைக்காமல், வறுக்காமல், உள்ளே இருக்கும் நீரைச் சில நொடியில் ஒரு பெட்டி எப்படிச் சொல்கிறது? இரண்டு நாள் இதே யோசனை. விடை என் பையிலேயே இருந்தது. இயற்பியல் முதல் பாகம், முதல் அலகு. இரண்டு உலோகத் தட்டுகளை எதிரெதிரே வைத்தால் அது மின்தேக்கி. நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு பொருளை வைத்தால் அதன் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறன், கூடும். எத்தனை மடங்கு கூடும் என்பது பொருளைப் பொறுத்தது, அந்த எண்தான் மின்காப்பு மாறிலி. தண்ணீருக்கு அது ஏறக்குறைய 80. காய்ந்த தானியத்துக்கு ஒற்றை இலக்கம்தான். ஆக, கைப்பிடி நெல்லில் நீர் சற்றுக் கூடினாலும் கருவி கண்டுபிடித்துவிடும். மின்தடையை அளந்து ஈரத்தைச் சொல்லும் கருவிகளும் உண்டு. எங்கள் நிலையத்தில் இருப்பது எந்த வகை என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். யார் திறக்க விடுவார்கள்?

இணைத்தட்டு மின்தேக்கி ஐந்து மதிப்பெண் கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். காலாண்டில் முழு மதிப்பெண். அதே பாடம் எங்கள் நெல்லுக்குள் கையை விட்டபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. கேமராவின் ஒளிவீச்சுக்கு மின்தேக்கி பயன்படும் என்று படித்திருக்கிறேன். எங்கள் வகுப்பில் கேமரா யாரிடமும் இல்லை. நெல் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

இயற்பியல் ஆசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கும் முகம் மலர்ந்தது. உடனே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல கேள்வி அம்மா. ஆனால் தேர்வுக்கு வராது. திருப்புதல் முடியட்டும்" என்றார். அவரை அப்படிச் சொல்லவைத்தது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். அதனால்தான் மடல் அவருக்கு இல்லாமல் உங்களுக்கு வருகிறது.

வீட்டில் நானே பார்த்தேன். மளிகைக்கடைத் தராசில் 1000 கிராம் நெல் நிறுத்து, மொட்டைமாடியில் சாக்கு விரித்துக் காயவைத்தேன். மூன்றாம் நாள் மாலை 934. மறுநாள் காலை 939! தராசின்மேல் சந்தேகப்பட்டு மறுபடி நிறுத்தேன், அதேதான். ராத்திரி ஈரக்காற்றிலிருந்து நெல் நீரைத் திரும்பக் குடித்திருக்கிறது. வெயிலை மட்டும் நம்பினால் காற்றோடு சமாதானம் ஆகும் அளவுக்குத்தான் நெல் காயும். நெல்லில் மொத்தம் எவ்வளவு நீர் என்று அறிய மிச்ச நீரையும் வெளியேற்ற வேண்டும், அதற்கு மணிக்கணக்காகச் சீரான சூடு வேண்டும். அது என்னிடம் இல்லை.

ஒரு கணக்கு மட்டும் கையில் வந்தது. ஈரம் 20 சதவீதத்திலிருந்து 17 ஆனால் நூறு கிலோவுக்கு மூன்று கிலோ குறையும் என்றுதான் ஊரில் சொல்வார்கள். நூறு கிலோவில் நீர் போக இருப்பது 80 கிலோ. அது மாறாது. ஈரம் 17 ஆகும்போது அந்த 80 கிலோ மொத்த எடையில் 83 சதவீதம். அப்படியானால் மொத்தம் 96.4 கிலோ. குறைவது 3.6. அப்பா நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இரண்டு முறை போட்டுப் பார்த்தார். "பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததா?" என்றார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

செய்முறை வகுப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கம்பியின் மின்தடை எண் எவ்வளவு வர வேண்டும் என்று முந்தைய ஆண்டு அக்காவின் ரெக்கார்டு நோட்டில் இருக்கும். எங்களுக்கு வேறு எண் வந்தால் அளவீட்டைத் திருத்திக்கொள்வோம். நானும் திருத்தியிருக்கிறேன். தப்பாக வந்த எண்ணை அப்படியே எழுதி, ஏன் தப்பியது என்று சொல்பவருக்கு மதிப்பெண் குறையும் என்பதுதான் எங்கள் நம்பிக்கை.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளில் பேச்சுப் போட்டி நடக்கும். 1921இல் கப்பலில் வந்த இயற்பியலாளர் சி.வி.ராமன் கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டதை மனப்பாடமாகச் சொல்லி இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன். எவர்சில்வர் டிபன் டப்பா. காவிரிக்கரைத் திருவானைக்காவலில் பிறந்தவர் கேட்ட கேள்விக்குப் பரிசு உண்டு. என் கேள்விக்குத் திருப்புதல் முடிய வேண்டும். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கள் சுற்றுலா பஸ் ஒவ்வோர் ஆண்டும் ஊட்டிக்குத்தான் போகிறது.

எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று வைத்திருக்கிறீர்கள். அந்தப் பத்தில் இரண்டே இரண்டை மாணவர் தாமாகக் கேட்ட ஒரு கேள்விக்குக் கொடுங்கள். விடை கிடைத்ததா என்று பார்க்க வேண்டாம். எப்படித் தேடினார், எங்கே மாட்டிக்கொண்டார் என்று பாருங்கள். மதிப்பெண் என்று ஒன்று இருந்தால் எங்கள் ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். ஆய்வுக்கூடத்தின் சாவியும் வியாழக்கிழமை தவிர மற்ற நாளில் வெளியே வரும்.

தை பிறந்தால் சம்பா அறுவடை. அதற்குள் பள்ளித் தராசும் ஒரு சூட்டடுப்பும் ஒரு நாளைக்குக் கிடைத்தால் போதும். நெல் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி,
மன்னார்குடி வட்டம்