எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2006 தேர்தலுக்குப் பின் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள் சென்னை வீடுகளில் ஒவ்வொன்றாக ஓய்ந்துவருகின்றன. பிக்சர் டியூப் போனால் அதை மாற்றுவது கட்டுப்படியாகாது. ஆனால் அதோடு இணைத்திருந்த டிவிடி பிளேயரும், கல்யாணக் கேசட் பார்த்த விசிஆரும் இன்னும் ஓடுகின்றன. பரணில் பழைய கணினி மானிட்டர் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்க்க ரிச்சி தெருவுக்கும் பர்மா பஜாருக்கும் போகிறவர்களில் பலர், வேலை செய்யவே முடியாத வயரை வாங்கி வருகிறார்கள். சில நூறு ரூபாய்தான் என்றாலும், அது வீண்.

ஒரு முனையில் கணினி மானிட்டரில் செருகும் 15 பின் உள்ள நீல விஜிஏ பிளக்கும், மறுமுனையில் டிவிடி பிளேயரில் செருகும் மூன்று வட்ட ஆர்சிஏ பிளக்கும் கொண்ட வயர்தான் முதல் பொறி. இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தும். திரையில் ஒன்றும் வராது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான 'பால்' (PAL) முறையில் டிவிடி பிளேயரின் மஞ்சள் துளையிலிருந்து வரும் படச் சமிக்ஞை நொடிக்கு 15,625 கோடுகள் வரையும். சாதாரண விஜிஏ மானிட்டரோ ஏறத்தாழ 31,500 கோடுகளுக்குக் கீழே எதையும் ஏற்காது. நிறமும் ஒளியும் ஒரே கம்பியில் கலந்து வருவதைப் பிரிக்கும் சர்க்யூட்டும் அதில் கிடையாது. வெறும் செம்புக் கம்பியால் இந்த வேலை எதையும் செய்ய முடியாது. அந்த வயர், படத்தை மூன்று கம்பிகளில் பிரித்து அனுப்பும் கம்போனன்ட் சமிக்ஞையையும் விஜிஏ துளையிலேயே வாங்கும் சில புரொஜெக்டர்களுக்காக வந்தது. அதை விற்பது தவறில்லை. எதற்கென்று சொல்லாமல் விற்பதுதான் தவறு.

தேவைப்படுவது உள்ளே சிப் இருக்கும், 5 வோல்ட் மின்சாரம் கேட்கும் கன்வெர்ட்டர் பெட்டி. மஞ்சள் (படம்), வெள்ளை, சிவப்பு (ஒலி) துளைகளைத்தான் கடையில் 'ஏவி' என்பார்கள். மானிட்டரில் எச்டிஎம்ஐ எனும் டிஜிட்டல் துளை இருந்தால் 'ஏவி டு எச்டிஎம்ஐ', விஜிஏ மட்டும் இருந்தால் 'ஏவி டு விஜிஏ' என்று கேட்க வேண்டும். இங்கேதான் இரண்டாவது பொறி. 'எச்டிஎம்ஐ டு ஏவி' என்ற பெட்டியும் அதே அளவில், அதே மூன்று வண்ணத் துளைகளோடு வருகிறது. அது எதிர்த் திசையில் வேலை செய்வது. மூடியின் மேல் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளின் அருகே 'இன்புட்' என்று இருக்க வேண்டும். 'அவுட்புட்' என்று இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மின்சாரத்தை மானிட்டரின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்க வேண்டாம். மானிட்டர் உறக்கத்துக்குப் போனால் சில மாடல்களில் அந்தத் துளையும் அணைந்துவிடும். பெட்டி செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். 1 ஆம்பியர் மொபைல் சார்ஜர் போதும். பல எச்டிஎம்ஐ பெட்டிகளின் பக்கத்தில் 720, 1080 என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால் அதை 720-க்குத் தள்ளுங்கள். மூலப் படத்திலேயே 576 கோடுகள்தான் என்பதால் 1080-இல் வைத்தாலும் தெளிவு கூடாது.

முகங்கள் அகலமாகத் தெரிந்தால் கன்வெர்ட்டரில் கோளாறு இல்லை. 4:3 படத்தை அது 16:9-ஆக இழுக்கிறது. மானிட்டர் மெனுவில் 4:3 தேர்ந்தெடுத்தால் சரியாகும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், பிளேயரின் பச்சைத் துளையில் மஞ்சள் பிளக்கைச் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் கம்போனன்ட்டுக்கு உரியவை. பச்சையில் ஒளி மட்டும்தான் வரும்.

ஒலியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விஜிஏ கம்பியில் ஒலி போகாது. பெரும்பாலான மானிட்டர்களில் ஸ்பீக்கரும் கிடையாது. வெள்ளை, சிவப்பு இரண்டையும் நேராகக் கணினி ஸ்பீக்கருக்குக் கொண்டுபோக, ஆர்சிஏ - 3.5 மி.மீ. வயர் ஒன்று சேர்த்து வாங்குங்கள்.

வெறும் வயரே போதுமான இடமும் உண்டு. செட்-டாப் பாக்ஸில் எச்டிஎம்ஐ இருந்து, மானிட்டரில் டிவிஐ எனும் டிஜிட்டல் துளை இருந்தால் இரண்டிலும் ஓடுவது ஒரே டிஜிட்டல் சமிக்ஞை, கன்வெர்ட்டர் தேவையில்லை. அப்படியும் திரை இருண்டிருந்தால், அந்த மானிட்டருக்கு எச்டிசிபி எனும் நகல் தடுப்பு ஏற்பாடு தெரியாமல் இருக்கலாம். அல்லது பாக்ஸ், ஒரு கோடு விட்டு ஒரு கோடாகப் படம் வரையும் 1080ஐ முறையில் இருக்கலாம். பல மானிட்டர்கள் அதை ஏற்பதில்லை. மஞ்சள் வயரால் வேறொரு டிவியில் மாட்டி, அமைப்பில் 720பி-க்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினியின் எச்டிஎம்ஐ துளையில் செட்-டாப் பாக்ஸை மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. மடிக்கணினியில் அது வெளியே அனுப்பும் துளை. உள்ளே வாங்க யுஎஸ்பி கேப்சர் கருவி வேண்டும். விசிஆரை அப்படி இணைக்கும்போது மென்பொருளில் 'பால்' என்று தேர்ந்தெடுக்காவிட்டால் படம் உருளும், அல்லது நிறம் போய்விடும்.

விசிஆர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்கிறது. போடுவதற்கு முன், கேசட்டின் பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி முன்மூடியைத் தூக்கி நாடாவைப் பாருங்கள். மேலே உள்ள கண்ணாடிச் சன்னல் வழியாகச் சுருளையும் பாருங்கள். வெள்ளைப் பொடியோ, சிலந்தி வலை போன்ற கறையோ தெரிந்தால் போடாதீர்கள். நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் அது ஒட்டும். தேய்ந்த நாடாவின் சமிக்ஞை ஆடும்போது மலிவான கன்வெர்ட்டர்கள் படத்தையே விட்டுவிட்டு நீலத் திரை காட்டும். பழைய டியூப் டிவி அந்த ஆட்டத்தைப் பொறுத்துக்கொண்டது, இவை பொறுப்பதில்லை. டிவிடி பிளேயரை அதே பெட்டியில் மாட்டிப் பாருங்கள். படம் நன்றாக வந்தால் குறை நாடாவிலோ ஹெட்டிலோதான். விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இருக்கிற கருவியைக் கெடுத்துக்கொண்டால் புதிது கிடைக்காது.

கடைக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இறக்குமதியாளரின் பெயர், அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு விவரம் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். பல கன்வெர்ட்டர்கள் வெறும் பிளாஸ்டிக் பையில் விற்கப்படுகின்றன. சட்டமுறை எடையளவுத் துறை இதைப் பார்க்கட்டும். கடைக்காரர்கள் அதோடு 'இதில் வாங்கி, இதில் கொடுக்கும்' என்று தமிழில் ஒரு சிறு சீட்டு ஒட்டலாம். ஒரு பழைய டிவிடி பிளேயரையும் ஒரு மானிட்டரையும் கல்லாவுக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வைத்து, வாங்கும் முன் மாட்டிக் காட்டலாம். மாட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
மின்னணுக் கருவி பழுதுபார்ப்பவர்கள்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை.