‘செய்யவில்லை’ என்று எழுத ஒரு கட்டம் கொடுங்கள்

மருத்துவமனை மேலாண்மையை ஆராய்கிறவர்களுக்கும், அந்த ஆய்வுகளைக் கேட்டு வாங்குகிற நிர்வாகங்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் எங்கள் வார்டில் நேரக் கணக்கு எடுக்க வந்த தம்பி நல்ல பையன். கையில் டேப்லெட்டோடு மூன்று நாள் எங்கள் பின்னாலேயே நடந்தார். மருந்து கொடுத்தால் ஒரு பொத்தான், கேஸ் ஷீட் எழுதினால் ஒரு பொத்தான், நடந்தால் ஒரு பொத்தான். காலையில் ஆபரேஷனுக்குப் போக வேண்டிய ஒரு அம்மா பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார், கட்டில் ஓரமாக நின்று நான்கு நிமிடம் அவரோடு பேசினேன். அதற்கு எந்தப் பொத்தான் என்று தம்பிக்குத் தெரியவில்லை, என்னையே கேட்டார். ‘பேச்சு’ என்று ஒன்று இருக்கிறதாம், ஆனால் அது ‘இடைவேளை’ என்ற தலைப்புக்குக் கீழே இருக்கிறதாம். சரி, அதையே போடுங்கள் என்றேன். இப்போது அறிக்கை வந்துவிட்டது. எங்கள் நேரத்தில் ஒரு பகுதி பயன்படாமல் போகிறதாம், ஆகவே இரவில் ஓர் ஆளைக் குறைத்துப் பார்க்கலாமாம். என்னுடைய அந்த நான்கு நிமிடமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

தம்பி மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருடைய டேப்லெட்டில் என்னென்ன பொத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஆள் பற்றாக்குறையைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2002-லேயே செவிலியர் பணியை ஆராயும் லிண்டா ஐக்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளைப் பார்த்துவிட்டு, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால்கூட அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று எழுதிவிட்டார்கள். 2014-ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 சதவீதம். கண்டுபிடித்தது உங்கள் துறை, கட்டுரைக்குக் கட்டுரை மேற்கோள் காட்டுவதும் உங்கள் துறை. எங்கள் டியூட்டி ரோஸ்டருக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அதை விடுங்கள். நான் எழுத உட்கார்ந்தது ஒரு டிக் விஷயமாக.

எழுந்து நடக்க முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் முதுகுக்குக் கீழேயும் குதிகாலிலும் ரத்த ஓட்டம் நின்று தோல் புண்ணாகிவிடும். புரட்ட இரண்டு பேர் வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் இதற்கென்று ஒரு பக்கம் உண்டு. 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணி, 6 மணி என்று வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் நேரே வலது, இடது, மல்லாந்து என்று மூன்று கட்டம். மூன்றில் ஒன்றைத் தொடாமல் பக்கம் மூடாது, பக்கம் மூடாமல் அடுத்த ஷிஃப்டுக்கு ஹேண்டோவர் கொடுக்க முடியாது.

இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெரியவர் இருந்தார். அன்று இரவு 28 பேருக்கு நாங்கள் இரண்டு பேர். பதினொன்றரைக்கு வேறு ஒருவருக்கு மூச்சுத் திணறல், இரண்டு பேரும் அவரிடம்தான் நின்றோம், ஐ.சி.யூ.வில் ஒரு கட்டில் கிடைக்க இரண்டரை மணி நேரம் ஆனது, அதற்குள் புதிதாக இரண்டு அட்மிஷன், அப்புறம் ஒருவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. விடியும் முன்னால் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். 12 மணி, இடது. 2 மணி, வலது. 4 மணி, இடது. மூன்றையும் ஒரே நிமிடத்தில் போட்டேன். பெரியவர் 10 மணிக்கு எப்படி மல்லாந்து படுத்தாரோ அப்படியேதான் கிடந்தார்.

ஆறு மணிக்குப் புரட்டியபோது வாலெலும்புக்கு மேலே உள்ளங்கை அளவுக்குச் சிவந்து, நடுவில் தோல் உரிந்திருந்தது. “கூப்பிடலாம்னுதாம்மா பார்த்தேன், நீங்க ஓடிட்டே இருந்தீங்க” என்றார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

விசாரணை நடந்தது. டிக்கெல்லாம் சரியாக இருந்ததால் யார் மேலும் தப்பில்லை. வயது, சத்துக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். உண்மையை எழுதியிருந்தால் எனக்கு மெமோ வந்திருக்கும். ஆனால் எழுதுவதென்றால் எங்கே எழுதுவது? ‘புரட்டவில்லை’ என்று நான்காவது கட்டம் கிடையாதே!

நீங்கள் ‘தரவு’ என்று கௌரவமாகச் சொல்கிறீர்களே, அது இந்த டிக்தான். உங்கள் வரைபடத்தில் எங்கள் வார்டு 100 சதவீதம். இரண்டு பேரே எல்லாவற்றையும் முடிக்கிறார்கள் என்றால் ஓர் ஆளைக் குறைத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. பொய் எழுதிய குற்றம் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். பொய்யைத் தவிர வேறு எதையும் வாங்கிக்கொள்ளாத படிவம் உங்களுடையது.

எனவே கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு படிவத்திலும் ‘நேரமில்லாததால் செய்யவில்லை’ என்று ஒரு கட்டம் வையுங்கள். அதைத் தொடுகிறவருக்கு மெமோ கிடையாது என்று எழுத்தில் கொடுங்கள்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் 46 மருத்துவமனைகளின் 401 வார்டுகளில் இருந்த செவிலியர்களிடம் போன ஷிஃப்டில் எதைச் செய்யாமல் விட்டீர்கள் என்று நேராகவே கேட்டிருக்கிறார்கள், 2014-ல் அந்த ஆய்வு வெளியானது. ஏதோ ஒன்றையாவது விட்டதாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள். கேட்டால் சொல்வோம். அதிகமாக விடுபட்டது எது தெரியுமா? நோயாளிக்கு ஆறுதல் சொல்வதும் அவரோடு பேசுவதும், 66 சதவீதம். தம்பி ‘இடைவேளை’யில் போட்டாரே, அதேதான்.

ஆனால் எங்களுக்கு என்ன கிடைக்கிறது? மன உறுதிப் பயிற்சி. நைட் டியூட்டி முடித்து வந்தவர்களுக்குக் காலை எட்டரைக்கு வகுப்பு, வருவது கட்டாயம். கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆற்றங்கரையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் பயிற்சியாளர். நாங்கள் தூங்கிவிட்டோம். ஆழ்ந்து ஒன்றிவிட்டதாக நினைத்துப் பாராட்டினார். பணிச்சோர்வு என்பது வேலையிடத்தின் அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே விளக்கிவிட்டது. நீங்களோ ஆற்றங்கரைக்கு அனுப்புகிறீர்கள். கட்டில் விஷயத்திலும் இப்படித்தான், காலியாக இருந்தால் உங்களுக்கு அது வீண். சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் கட்டில்கள் நிரம்பினாலே அவசரத்துக்கு இடமில்லாமல் போகும் ஆபத்து தலைகாட்டுகிறது என்று 1999-லேயே கணினியில் கணக்குப் போட்டுக் காட்டியதும் உங்கள் துறையைச் சேர்ந்தவர்கள்தானே? மூச்சுத் திணறிய அந்த மனிதரின் இரண்டரை மணி நேரத்தை எந்தச் சிக்கனக் கணக்கில் எழுதினீர்கள்?

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். சண்டை போட எழுதவில்லை. உங்கள் ஆய்வு எங்களுக்கு வேண்டும். நாங்கள் சொன்னால் புலம்பல், நீங்கள் சொன்னால் அறிக்கை.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன், அந்த ஒரு கட்டத்தைச் சேருங்கள். மூன்று மாதம் அதில் விழுவதை எண்ணிப் பாருங்கள், அதுவரை இரவில் யாரையும் குறைக்க வேண்டாம். தம்பியை இன்னொரு முறை அனுப்பி வையுங்கள், இந்தத் தடவை நைட் டியூட்டிக்கு, டேப்லெட்டில் அந்தப் பொத்தானையும் சேர்த்து. புரட்ட இரண்டு பேர் வேண்டும் என்றேனே, அவரும் ஒரு கை கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
17 வருடமாக வார்டில் நிற்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ்