பெயரைக் கேட்காதீர்கள், ஸ்லைடைக் கேளுங்கள்: விலங்கியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்லூரி, பல்கலைக்கழக விலங்கியல் துறைத் தலைவர்களுக்கும் ஆய்வு நெறியாளர்களுக்கும் வணக்கம்.

மண்ணில் கிடைத்த பாரோபோடா என்ற நுண்ணிய பல்காலி ஒன்றைப் புதிய சிற்றினம் என்று சொல்லிக்கொண்டு உங்கள் மாணவர் வந்து நின்றால், என்ன பெயர் வைக்கப்போகிறாய் என்று கேட்காதீர்கள். எத்தனை ஸ்லைடு இருக்கிறது, அதில் முதிர்ந்த உயிர்கள் எத்தனை, அவை எந்த அருங்காட்சியகத்தில் என்ன பதிவெண்ணில் சேரப்போகின்றன என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வரும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். இந்த மடலில் நாங்கள் வேண்டுவது அவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான காரணமும் செய்முறையும்.

பூரானையும் மரவட்டையையும் எல்லோருக்கும் தெரியும். பல்காலிகளில் இன்னும் இரண்டு கூட்டங்கள் உண்டு: சிம்பைலா, பாரோபோடா. பாரோபோடா பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருக்கும். ஒரு கடுகின் மேல் நீட்டிப் படுக்க இடம் போதும். வெளுத்த உடல், கண் கிடையாது, உணர்கொம்பு கிளை பிரிந்திருக்கும். கல்லைப் புரட்டினால் விறுவிறுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், திசை மாறி மறுபடி ஓடும். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இயற்கையியலாளர் ஜான் லுபாக் தன் வீட்டுத் தோட்டத்தில் இதை முதலில் கண்டது 1866-ல். இன்றுவரை உலகில் பெயர் பெற்றவை எண்ணூறுக்கு மேல். ஆகவே ஒரு சோலைக்காட்டில் நாலு பை மண் எடுத்தால் புதிது ஏதாவது சிக்குவதில் ஆச்சரியமில்லை. அதைப் புதிது என்று நிரூபிப்பதில்தான் வேலை இருக்கிறது.

முதல் கோளாறு புனலிலேயே தொடங்கிவிடுகிறது. மண்ணை மேலிருந்து சூடாக்கி உயிர்களைக் கீழே இறக்கும் பெர்லேசே புனலில் 60 வாட் பல்பைப் போட்டு ஒரே நாளில் மண்ணை வறுத்தெடுக்கும் பழக்கம் பல ஆய்வகங்களில் இருக்கிறது. தோல் தடித்த உண்ணிகள் அதைத் தாங்கிக் கீழே இறங்கிவிடும். பாரோபோடாவின் மெல்லிய தோல் ஈரத்தைக் காக்காது. இறங்கி முடிக்கும் முன் மண்ணுக்குள்ளேயே காய்ந்து செத்துப்போகும். பிறகு “எங்கள் பகுதியில் பாரோபோடா இல்லை” என்று அட்டவணை போடுவார்கள்! முதல் இரண்டு நாள் பல்பே வேண்டாம். பிறகு 25 வாட் பல்பைச் சற்று உயரத்தில் தொங்கவிட்டு ஐந்தாறு நாளில் மெல்ல இறக்குங்கள். மண்கட்டியைத் தலைகீழாக வைத்தால் உயிர்கள் தாம் இருந்த துளைகள் வழியாகவே வெளியேறும். சல்லடைக்கும் புனல் சுவருக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். மழைக்கால மண்ணின் ஆவி சுவரில் நீர்த்துளியாகப் படியும், சின்ன உயிர்கள் அதில் ஒட்டிக்கொண்டால் கீழே வராது. மண்ணைக் கொட்டி முடித்த பிறகுதான் சேகரிப்புப் புட்டியைக் கீழே வையுங்கள். இல்லாவிட்டால் ஆல்கஹால் சேறாகி, அதில் அரை மில்லிமீட்டர் உயிரைத் தேடுவதற்குள் கண் போய்விடும்.

புட்டியில் 70 முதல் 80 சதவீத ஆல்கஹால் போதும். டி.என்.ஏ.வுக்கென்று 95 சதவீதத்தில் போட்டவை சுருங்கி, தொட்டால் முறியும். இரண்டும் வேண்டுமானால் ஒரே இடத்து உயிர்களை இரண்டு புட்டியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வயது. பாரோபோடா பெரும்பாலும் முட்டையிலிருந்து மூன்று ஜோடிக் கால்களோடு வருகிறது. தோல் உரிக்க உரிக்க ஐந்து, ஆறு, எட்டு என்று கூடி, நம் மண்ணில் வழக்கமாகக் கிடைக்கும் வகைகளில் ஒன்பது ஜோடியில் முதிர்கிறது. ஹெக்ஸாமெரோசெராட்டா என்ற பழைய கிளையில் பதினொன்று. டெகாபாரோபஸ் பேரினத்தில் பத்து ஜோடிப் பெண்களும் உண்டு, அந்தப் பேரே அதைத்தான் சொல்கிறது. ஆறு ஜோடிக் காலோடு இருக்கும் குட்டியை வைத்துக்கொண்டு புதிய சிற்றினம் என்று எழுதும் கையெழுத்துப் பிரதிகளை நிராகரிக்க வேறு காரணமே வேண்டாம். குட்டிக்கு உடல் பின்முனையின் நுண்முடிகளும் கால்முடிகளின் வடிவமும் முதிர்ந்ததைப்போல் இருக்காது. எட்டு ஜோடி கண்டால் அவசரப்படாதீர்கள். இரண்டாம் ஜோடிக் காலடியில் ஆண்குறிக் காம்புகள் வளர்ந்த நிலை என்ன என்று பாருங்கள். கட்டுரையில் ஒவ்வொரு மாதிரிக்கும் கால் ஜோடியும் பாலும் சேர்த்தே எழுதுங்கள்: முதிர்ந்தது 9 ஆண், இளையது 8 பெண் என்று.

இனி ஸ்லைடு. இங்கேதான் நிறைய உழைப்பு வீணாகிறது.

கல்லூரி ஆய்வகத்தில் கைக்கெட்டும் பொருள் கனடா பால்சம். அதில் பாரோபோடாவை வைக்காதீர்கள். பால்சத்தின் ஒளிவிலகல் எண் இவற்றின் தோல் பொருளான கைட்டினுடையதற்கு மிக நெருக்கம். முடிகளும் தகடுகளும் கண்ணாடிக்குள் கண்ணாடி போல் மறைந்துவிடும். ஹாயர் கலவை இதற்கு ஏற்றது: 50 மி.லி. வாலைவடிநீரில் 30 கிராம் கருவேலம்பிசினைக் கரைத்து, 200 கிராம் குளோரல் ஹைட்ரேட் சேர்த்து, கடைசியில் 20 மி.லி. கிளிசரின். சூடாக்க வேண்டாம், கண்ணாடிப் பஞ்சில் வடிகட்டுங்கள். குளோரல் ஹைட்ரேட் நச்சு, பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டியது. மாதிரியை முதலில் லாக்டிக் அமிலத்தில் இளஞ்சூட்டில் வைத்துத் தெளியவிடுங்கள், ஆனால் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அரைமணி நேரம் அதிகமானால் முடிகளும் வெளிறி, வெறும் நிழல்தான் மிஞ்சும். பிறகு தண்ணீரில் அலசிவிட்டுக் கலவைக்கு மாற்றுங்கள்.

கவர்கிளாஸை நேராக வைத்தால் உடல் நசுங்கித் தட்டையாகும். உடைந்த கவர்கிளாஸ் துண்டுகளை மூன்று இடத்தில் முட்டுக் கொடுக்கலாம். அதற்காக உயரமாக எழுப்பிவிடாதீர்கள். எண்ணெய் லென்ஸுக்குக் கவர்கிளாஸுக்கு மேல் கிடைக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான். கலவைப் படலம் தடித்தால் அடியில் இருக்கும் தகடுகளுக்குக் குவியம் எட்டாது, மாணவரும் லென்ஸை ஸ்லைடின்மேல் அழுத்தி இரண்டையும் உடைப்பார். முதுகு மேலே ஒன்று, வயிறு மேலே ஒன்று என்று குறைந்தது இரண்டு ஸ்லைடு வேண்டும். 40 முதல் 45 டிகிரி அடுப்பில் இரண்டு வாரம் உலர்த்தி, விளிம்பை அடைத்துவிடுங்கள். ஹாயர் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; கடலோர ஊர்களில் அடைக்காத ஸ்லைடில் ஒரே மழைக்காலத்தில் கவர்கிளாஸ் நகர்ந்துவிடும். நெயில் பாலிஷ் சில வருடத்தில் பொரிந்து உதிரும். மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடைக்கும் சிவப்பு இன்சுலேட்டிங் வார்னிஷ் நீண்ட நாள் நிற்கும், விலையும் குறைவு.

சாதாரண மைக்ரோஸ்கோப்பில் இந்த உயிரை விவரிக்க முடியாது. நிறமில்லாத பொருளையும் துலக்கிக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வேண்டும், 1000 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். ஏன் என்பதற்கு உடலின் பின்முனையைப் பாருங்கள். அங்கே முதுகுத் தட்டில் மூன்று ஜோடி நுண்முடிகள், அவற்றோடு ஸ்டைலி என்ற ஒரு ஜோடி. அடித்தட்டில் தனி முடிகள். இரண்டுக்கும் நடுவே நாக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஆசனத் தகடு, தலைமுடியின் குறுக்களவைக்கூட எட்டாத சின்னது. சிற்றினத்துக்குச் சிற்றினம் பளிச்சென்று மாறுவது இந்தத் தகடுதான்: ஒன்றில் நுனி கவைபோல் பிளந்திருக்கும், இன்னொன்றில் ஓரத்திலிருந்து குச்சிபோன்ற நீட்சிகள் கிளம்பும், வேறொன்றில் மேற்பரப்பே நுண்மயிரால் மூடியிருக்கும். சாய்ந்து கிடக்கும் தகட்டை வரைந்தால் இரண்டு நீட்சி ஒன்றாகத் தெரியும். மேலே குறுக்கே விழுந்த முடியை நீட்சி என்று வரைந்து, இல்லாத சிற்றினத்தை உருவாக்கிவிடுவதும் நடக்கிறது. மூன்று மாதிரியிலாவது அதே வடிவம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உணர்கொம்பில் மேற்கிளைக்கு ஒரு சாட்டையிழை, கீழ்க்கிளைக்கு இரண்டு. அந்த இரண்டுக்கும் நடுவே காம்புள்ள உருண்டை ஒன்று. இழைகளின் நீள விகிதம், உருண்டையின் அகலம், உடலோரத்து ஐந்து ஜோடி உணர்முடிகளில் மூன்றாம் ஜோடியின் தடிமன், கடைசிக் காலின் பாதமுடிகள், எல்லாவற்றையும் அளக்க வேண்டும். மைக்ரானில் மட்டும் கொடுத்தால் போதாது. பின்முனையில் முதல் ஜோடி முடியின் நீளத்தைப் பத்து என்று வைத்து மற்றவற்றை அதன் விகிதமாக எழுதுவது இத்துறை வழக்கம். பழைய விவரணைகளோடு ஒப்பிட வேறு வழியில்லை. ஹோலோடைப்பின் (பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) அளவும் பாராடைப்களின் (அதோடு சேர்த்துக் குறிப்பிட்ட மற்ற மாதிரிகள்) வீச்சும் தனித்தனியாக இருக்கட்டும். 40 மடங்கு லென்ஸில் அளவுகோலைச் சரிபார்த்துவிட்டு 100-ல் அளந்து எழுதிய அட்டவணை அப்படியே குப்பை.

ஒப்பீட்டில் இந்தியப் பட்டியலோடு நிறுத்திக்கொள்வது இன்னொரு குறை. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் 1962-ல் இலங்கையில் நடத்திய பயணத்தில் சேர்ந்த பாரோபோடாக்களை வகைப்பாட்டியலாளர் உல்ஃப் ஷெல்லர் 1970-ல் விரிவாக விவரித்தார். தமிழ்நாட்டு மண்ணில் கிடைப்பதை முதலில் அதோடு வைத்துப் பார்க்காமல் புதிது என்பது, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமலே ஊரில் ஆளில்லை என்பதுபோல. பூந்தொட்டி மண்ணோடு கண்டம் விட்டுக் கண்டம் போன சிற்றினங்களும் உண்டு. கல்லூரித் தோட்டத்தில் கிடைத்ததென்றால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும்.

டி.என்.ஏ. பற்றிச் சுருக்கமாக: தரவுத்தளத்தில் பாரோபோடா வரிசைகள் சொற்பம். பொருத்தம் கிடைக்கவில்லை என்பதால் புதிது என்று ஆகாது. எடுப்பதாக இருந்தால் உடலை அரைக்காதீர்கள். புரதத்தைக் கரைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே கரைசலில் 56 டிகிரியில் ஊறவைத்தால் உள்ளே கரைந்து தோல் கூடு முழுசாக மிஞ்சும், அதையே ஸ்லைடாக்கலாம்.

பெயரிடும் விதிகளுக்கு வருவோம். 2000 முதல் நடப்பில் இருக்கும் பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு விதித்தொகுப்பின் 16.4 பிரிவின்படி, ஹோலோடைப்பைக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் எங்கே வைக்கப்படுகிறது என்றும் எழுதாவிட்டால் அந்தப் பெயருக்கு விதிப்படி இருப்பே இல்லை. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் விலங்குப் பெயர்களுக்கான பதிவேடான சூபேங்கில் பதிவு முன்கூட்டியே முடிந்து, அதன் சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். நாளிதழ்ச் செய்தியில் முந்திக்கொண்டு வந்த பெயர், விதிப்படி செல்லாத வெற்றுப் பெயர். முனைவர் பட்ட ஆய்வேட்டில் பெயர் இடம்பெற்றால், 8.2 பிரிவின்படி இது பெயரீட்டு நோக்கில் வெளியீடு அல்ல என்று முகப்பிலேயே ஒரு வரி சேருங்கள். பின்னாளில் எது முதல் வெளியீடு என்ற சண்டைக்கு இடமிருக்காது. பெயரின் இலக்கணமும் ஒரு பார்வை பாருங்கள்: பெண் அறிஞரைப் போற்றி வைக்கும் பெயர் ‘ஏ’ (-ae) விகுதியில் முடிய வேண்டும், ஆணுக்குரிய ‘ஐ’ (-i) விகுதியில் அல்ல. பேராசிரியை ஒருவரை லத்தீனில் ஆணாக்கிய பெயர்கள் ஏற்கெனவே போதுமான அளவு உண்டு.

ஒப்படைப்பு நல்லெண்ணத்தை நம்பி விடக்கூடிய காரியம் இல்லை. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, புதிய உயிரினத்தைக் கண்டவர் அதை நியமிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் அங்கே வைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி நியமிக்கப்பட்ட நிறுவனம்; அதன் தென்மண்டல மையம் சென்னை சாந்தோமில்தான் இருக்கிறது. சரணாலயம், தேசியப் பூங்கா மண் என்றால் வனத்துறை அனுமதி எண்ணும் கட்டுரையில் இருக்கட்டும்.

துறை பீரோவில் இருக்கும் ஹோலோடைப் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நெறியாளர் ஓய்வு பெறுவார், பீரோ மாடிக்குப் போகும், சாவி தொலையும். வேறொருவர் அதே பேரினத்தில் இன்னொன்றைக் கண்டு ஒப்பிட எழுதிக் கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. இந்தப் பருவத்திலேயே அந்தப் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய ஸ்லைடுகளில் படிகம் பூத்திருந்தால் சுரண்ட வேண்டாம். விளிம்பு வார்னிஷை மட்டும் நீக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் ஹாயர் கரையும், மாதிரியை மீட்டு மறுபடி ஏற்றலாம். லேபிளில் இடம், அட்சம், தீர்க்கம், கடல்மட்ட உயரம், மண்ணின் ஆழம், தேதி, சேகரித்தவர் பெயர் எல்லாம் இந்தியன் இங்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது ஆல்கஹால் பட்டதும் ஓடிவிடும். இல்லாத தகவலை ஊகித்து எழுத வேண்டாம்; களக் குறிப்பேடு கிடைத்தால் அதன் நகலை ஸ்லைடு பெட்டியோடு சேர்த்தே சாந்தோமுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மண்வாழ் பல்காலிகளின் வகைப்பாட்டில் வேலை செய்வோர்