மிளகாயின் காரம் யாருக்காக?

உப்பூர்

அன்புள்ள காதர்,

இங்கே எல்லோரும் நலம். உம்மாவுக்குக் கால்வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இந்த வருஷம் மழை பின்தங்கிப் பெய்தது. முண்டு மிளகாய் இப்போதுதான் பழுக்கிறது. கீழ்ப்புஞ்சையில் மட்டும் இலைப்பேன் விழுந்து இலை சுருண்டிருக்கிறது.

மருந்து அடிக்காவிட்டால் செடி பாவம், என்ன செய்யும் என்று கேட்டிருந்தாய். அது நிறையச் செய்கிறது காதர். நம் மிளகாயின் காரமே அதற்கு ஒரு சாட்சி. பொலிவியாவில் காட்டு மிளகாயை ஆராய்ந்தவர்கள் 2008இல் எழுதினார்கள்: அங்கே ஒரே இனத்தில் காரமுள்ள செடியும் உண்டு, காரமே இல்லாத செடியும் உண்டு. சாறு உறிஞ்சும் பூச்சி பழத்தில் துளை போடுகிறது, அந்தத் துளை வழியாகப் பூஞ்சை நுழைந்து விதையை அழிக்கிறது. பூச்சி அதிகமுள்ள இடங்களில் காரச் செடிகளும் அதிகம். காரம் கொடுக்கும் கேப்சைசின் அந்தப் பூஞ்சையை வளரவிடாமல் தடுக்கிறது. அது ஊறுவது விதையைத் தாங்கும் வெள்ளைச் சதையில். காக்க வேண்டியதை ஒட்டியே காவல்! பறவைக்கு அந்தக் காரம் உறைக்காது. விதையைக் கடிக்காமல் விழுங்கி வேறெங்கோ எச்சத்தோடு போட்டுவிடும். கடித்து நொறுக்கும் எலிக்குத்தான் எரியும். எவ்வளவு நுணுக்கம் பார்!

மிளகாயின் பங்காளியான தக்காளியில் இன்னொன்று. ஓர் இலையைப் பூச்சி கடித்தால், கடிபடாத இலைகளிலும் பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதம் சேர்ந்துவிடுகிறது. கிரீன், ரயன் என்ற இருவர் 1972இலேயே இதைக் காட்டினார்கள்.

இதையும் மீறிச் சில வருஷம் பூச்சி ஜெயிக்கத்தான் செய்கிறது. அப்போது நான் வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கிறேன். அதுவும் ஒரு மரம் தனக்காகச் செய்துகொண்டதுதானே, புழு தோலுரித்து வளர்வதைத் தடுத்துவிடும். கடும் மருந்தை மனசு ஒப்பவில்லை. பொறிவண்டும் சிலந்தியும் சேர்ந்து சாகின்றன, செடிக்கு இருக்கிற துணையே அவைதான்.

அப்புறம், 2023இல் நம் முண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர் ஆட்கள் விசாரிக்கிறார்கள். விலைதான் இன்னும் நிலையாக இல்லை.

மாசிக் கடைசியில் வர முடியுமா? வத்தல் அதற்குள் காய்ந்துவிடும், உங்கள் வீட்டுக்குத் தனியாக எடுத்து வைக்கிறேன். உம்மாவுக்கு என் சலாம் சொல்.

உன்,
சேது