பத்தோடு இரண்டைக் கூட்டினால் பத்து

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

ஏழு மாதமாகப் பதில் போடவில்லை. பிழை என்னுடையதுதான், திட்டி முடித்துவிட்டு மேலே வாசி. வீட்டில் எல்லோரும் சுகம். காலி வீதி இரைச்சலும் சுகம்.

நம் கையெழுத்துச் சஞ்சிகை அகப்பட்டுவிட்டது! அம்மாவின் டிரங்குப் பெட்டியில், கூறைச் சேலைக்கு அடியில் கிடந்தது. 143 பக்கங்களையும் ஸ்கான் செய்து, வரிசையாகப் பெயர் வைக்க லினக்ஸின் கட்டளை மொழியான பாஷில் ஐந்து வரி எழுதினேன். அங்கேதான் மானம் போனது.

மாறியில் 1 போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் +1 சேர்க்கச் சொன்னேன். அது கூட்டவில்லை, ஒட்டியது. முதல் பக்கம் 1, அடுத்தது 1+1, அதற்கடுத்தது 1+1+1. பாஷுக்கு எல்லாமே சரம், அதாவது வெறும் எழுத்துக் கோவைதான். $(( )) என்று இரட்டை அடைப்புக்குள் வைத்தால்தான் கணக்கு என்று விளங்கும். நான் தேநீர் ஊற்றப் போன நேரத்தில் 126 பக்கங்களுக்கு வால் வளர்ந்துவிட்டது. 127இலிருந்து பெயர் நீளம் கூடிவிட்டது என்று முறைப்பாடு. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்டுக்கு மேல் இடமில்லை. சுருட்டு மாஸ்டர் பார்த்திருந்தால் வாங்கில் ஏற்றியிருப்பார்.

சரி, ஸ்கானர் வைத்த 001, 002 என்ற எண்களையே எடுத்தேன். அட்டை இரண்டும் பிறகுதான் கிடைத்தன, அவற்றுக்கு முன்னால் இடம் விட வேண்டும். ஆகவே எண்ணோடு 2ஐக் கூட்டிப் புதிய கோப்புறைக்கு நகல் எடுக்கச் சொன்னேன். 007 வரை ஒழுங்கு. 008இல் படுத்துவிட்டது. 8ஐயும் 9ஐயும் கையால் மாற்றிவிட்டு 010இலிருந்து ஓடவிட்டால், 010க்கு விடை 10! 011க்கு 11! எவ்வளவு கூட்டியும் அசையவில்லை மச்சான்.

சாதாரண தரத்துக்குத் தகவல் தொழினுட்பம் படிக்கிற மகள் எட்டிப் பார்த்தாள். "முன்னால் பூச்சியம் இருந்தால் எண்ம எண், எட்டை அடியாகக் கொண்ட எண் அல்லவா? அதில் 7க்கு மேல் இலக்கமே கிடையாது, அப்பா." உண்மைதான். சி என்ற நிரல் மொழியிலிருந்து வந்த வழக்கம். 010 என்பது அதற்கு எட்டு. எட்டும் இரண்டும் பத்து. எண்ணுக்கு முன்னால் 10# என்று போட்டதும் தசமக் கணக்குக்குத் திரும்பியது. இருபது வருடமாகக் கணினியோடு கிடக்கிறேன் என்று அவளிடம் பெருமை பேசியவன், அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

எட்டில் நின்றதால்தான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சின்னவனின் கவிதை. அதே சாய்ந்த எழுத்து, அதே பச்சை மை. இரவு வெகுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. மூன்றாவது வரியில் மை ஊறி ஒரு சொல் அழிந்துவிட்டது. "கடல்" தெரிகிறது, "நாளில்" தெரிகிறது, நடுவில் இருப்பது தெரியவில்லை. அன்று அதை வகுப்பில் உரக்க வாசித்தவன் நீதான். படத்தை இதோடு அனுப்புகிறேன். என்ன சொல் என்று எழுது, நீயும் ஏழு மாதம் எடுக்காதே.

உன்,
மொட்டைக் கணக்கன்