ஆண்டறிக்கை 2025: லூயி வார்னி நினைவாண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, தேர்வு எழுதிவிட்டு கால்சைனுக்காக, அதாவது வானொலி அழைப்புக் குறிக்காகக் காத்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் தூத்துக்குடி அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் வழக்கமான அலுவல்களை முதலில் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஞாயிறு காலை 40 மீட்டர் அலைவரிசைப் பட்டையில் (பேண்டில்) உறுப்பினர்கள் கூடிப் பேசும் நெட் தொடர்ந்து நடந்தது. அமெச்சூர் நிலையம் இயக்கும் தகுதிச் சான்றுக்கான ஏ.எஸ்.ஓ.சி. தேர்வு வகுப்பும் நடந்தது. அதன் உயர்நிலையான ஜெனரல் கிரேடுக்கு மோர்ஸ் நிமிடத்துக்கு 8 சொல் வேகம் வேண்டும் என்பதால், தேர்வுக்கு முந்தைய கடைசி வாரத்தில் மட்டும் மோர்ஸ் தட்டும் கீயைத் தொடுகிறவர்கள் தேற மாட்டார்கள். இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம், இந்த ஆண்டும் சொல்லியாயிற்று. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அக்டோபரில் சாரணர்கள் வானொலி வழியே சந்தித்துப் பேசும் ஜோட்டா நிகழ்ச்சிக்கு நிலையம் அமைத்துக் கொடுத்தோம். மைக்கைப் பிடித்த பிள்ளைகள் விடவில்லை.

இனி இந்த அறிக்கையின் முக்கியமான பகுதி. பிரிட்டிஷ் பொறியாளரும் அமெச்சூர் வானொலியாளருமான லூயி வார்னி 1911-இல் பிறந்து, 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சைலன்ட் கீ ஆனார், அதாவது காலமானார். அவர் மறைந்து 25 ஆண்டு நிறைவதால் 2025-ஐ அவர் நினைவாண்டாக நடத்துவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. அவருடைய கால்சைன் ஜி5ஆர்வி. பெயரைக் கேட்டால் தெரியாது என்பவர்களும் கால்சைனைச் சொன்னால் உடனே மொட்டைமாடியைப் பார்ப்பார்கள். நம் உறுப்பினர்களில் பலர் கட்டியிருப்பது அவர் 1946-இல் வடிவமைத்த ஆன்டெனாவைத்தான். அல்லது அதுதான் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றை.

படத்துக்கு மாலை போட்டுக் கூட்டம் நடத்துவதைவிட, அவர் எழுதிய அளவுகளின்படியே ஒரு ஆன்டெனாவைக் கட்டி, ஊரில் உள்ளவற்றை அதோடு ஒப்பிட்டுச் சரிசெய்வதே தக்க மரியாதை என்று குழு கருதியது. அந்த வேலையின் விவரம் பின்வருமாறு.

வார்னி தம் வடிவமைப்பை 1958-இல் பிரிட்டிஷ் வானொலிச் சங்கத்தின் இதழில் எழுதினார். 1966-இலும் 1984-இலும் மறுபடி எழுதினார். சாதாரண வீட்டுத் தோட்டத்தில் நேராக இழுத்துக் கட்டக்கூடிய நீளம் வேண்டும், 20 மீட்டர் பேண்டில் தூர தேசம் நன்றாகப் போக வேண்டும், மற்ற பேண்டுகளுக்கும் அதே கம்பி உதவ வேண்டும். அவர் தேவை இவ்வளவுதான். 14.15 மெகாஹெர்ட்ஸில் மூன்று அரையலை நீளம் கணக்குப்படி 102.57 அடி வரும். எப்படியும் ஆன்டெனாவை வானொலிக் கருவிக்குப் பொருத்தும் ட்யூனர் போட்டுத்தான் ஒத்திசைக்கப் போகிறோம் என்று அதை 102 அடியாகவே, அதாவது 31.1 மீட்டராகவே வைத்துக்கொண்டார். நடுவில் இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 15.55 மீட்டர். நடுவிலிருந்து கீழே 10.36 மீட்டர் (34 அடி) ஏணிக்கம்பி, அதாவது குறுக்குக்கட்டைகளால் விலக்கிக் கட்டிய இணைக்கம்பி, தொங்கும். 14.15-இல் அது ஓர் அரையலை. அரையலை நீளமுள்ள லைன் மேலே உள்ள மின்மறுப்பை (இம்பீடன்ஸை) அப்படியே கீழே கொண்டுவந்து காட்டும். மேலே ஏறத்தாழ 90 முதல் 100 ஓம், கீழேயும் அதுவே. ஆகவே 20 மீட்டரில் கோஆக்ஸை (நடுக்கம்பியும் வெளியுறையும் கொண்ட 50 ஓம் கேபிளை) நேராக இணைத்தாலும், சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். விகிதம் 2-ஐ ஒட்டியே நிற்கும்; 1 என்றால் முழுப் பொருத்தம்.

இங்கேதான் ஊரெல்லாம் சறுக்குகிறது. 10.36 மீட்டர் என்பது காற்றிடை விட்டுக் கட்டிய ஏணிக்கம்பிக்கு மட்டும் உரிய அளவு. 300 ஓம் தட்டை ரிப்பனில் அலை மெதுவாகப் போகும்; வெற்றிடத்தோடு ஒப்பிட்ட வேகக் காரணி 0.82 அளவில் இருப்பதால் நீளம் 8.5 மீட்டராகக் குறைய வேண்டும். பிளாஸ்டிக் உறையில் ஜன்னல் போல் துளை வெட்டிய லேடர் லைனுக்குக் காரணி 0.90 என்றால் 9.3 மீட்டர். கையில் கிடைத்த லைனை 34 அடிக்கு வெட்டிவிட்டு 20 மீட்டரில்கூட எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கவில்லையே என்று குறைபடுபவர்கள், அளவு டேப்பைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை என்று பொருள். பட்டறையில் இதற்கு ஒரு சோதனை வைத்தோம். லைனைச் சுவர், தரை, கம்பி எதையும் தொடாமல் கயிற்றில் தொங்கவிட வேண்டும். கடைமுனை இரண்டையும் ஷார்ட் செய்ய வேண்டும். இந்த முனையில், இணைக்கம்பியைக் கோஆக்ஸோடு பொருத்தும் மின்மாற்றியான ஒரு சிறு 1:1 பலூன் வழியாக நானோ வி.என்.ஏ. என்ற கையடக்க ஆன்டெனா அளவியை மாட்டி, 14 மெகாஹெர்ட்ஸ் சுற்றில் ரியாக்டன்ஸ் சுழியாகி மின்தடை சில ஓம் அளவுக்கு விழும் அலைவரிசையைப் பார்க்க வேண்டும். அது 13.6-இல் வந்தால், இருக்கிற நீளத்தை 13.6-ஆல் பெருக்கி 14.15-ஆல் வகுத்தால் சரியான நீளம். 10.36 மீட்டர் லைனில் 40 சென்டிமீட்டர் வெட்ட வேண்டியிருக்கும். முதலில் 30 வெட்டி, அளந்து, பிறகு மீதியை வெட்டுவது நல்லது.

ஏணிக்கம்பியை நாமே கட்டினோம். 16 கேஜ் செம்புக் கம்பி, தடிமன் 1.6 மில்லிமீட்டர். இரண்டு கம்பிக்கும் நடுவே 75 மில்லிமீட்டர் இடைவெளி. கணக்குப்படி இதன் மின்மறுப்பு 545 ஓம் அருகில் வரும். 50 மில்லிமீட்டர் விட்டால் 495 ஓம். அரையலை லைனாகப் பயன்படும் 20 மீட்டரில் இந்த வித்தியாசம் பெரிதல்ல. இடைவெளி நீளமெங்கும் ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம். 45 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம், இரு முனையும் சேர்த்து 24 குறுக்குக்கட்டைகள். வீட்டு வயரிங்குக்கு வரும் வெள்ளைக் குழாயை வெட்டிப் போட்டால் நம் ஊர் வெயிலில் சில ஆண்டுகளில் மஞ்சளித்து நொறுங்கும். தண்ணீர்க் குழாய்க்கு வரும் சாம்பல் நிறப் பைப் அதைவிடத் தாங்கும். துளை போட்டுக் கம்பியைக் கோத்தால் மட்டும் போதாது. இருபுறமும் மெல்லிய கம்பியால் கட்டாவிட்டால் காற்றில் கட்டைகள் நழுவிக் கீழே வந்து ஒன்றாக உட்கார்ந்துவிடும்.

மேல்கம்பிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரைப் பயன்படுத்துபவர்கள், பிளாஸ்டிக் உறை அலையைச் சற்று மெதுவாக்கும் என்பதால் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு குறைத்து 30.3 மீட்டர் அளவில் வெட்டலாம். மாடி சிறிதாக இருந்தால் கவலை வேண்டாம். கதிர்வீச்சின் பெரும்பகுதி நடுவிலுள்ள மூன்றில் இரண்டு பங்கிலிருந்தே வருவதால், இரு முனையிலும் ஆறில் ஒரு பங்குவரை, அதாவது சுமார் 5 மீட்டரைச் செங்குத்தாகவோ சாய்வாகவோ தொங்கவிடலாம் என்று வார்னியே அனுமதி கொடுத்திருக்கிறார். ஒரே கம்பத்தில் தலைகீழ் 'வி'யாகக் கட்டுபவர்கள் நடுக்கோணம் 120 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொங்கும் முனையில் மின்னழுத்தம் அதிகம். கைக்கு எட்டும் உயரத்தில், துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் விடவே கூடாது. மின்வாரியக் கம்பிக்கு மேலேயோ, அறுந்தால் அதன்மேல் விழும் தூரத்திலோ எதையும் இழுக்கக் கூடாது.

நினைவு நாளை ஒட்டிய வாரத்தில்தான் ஆன்டெனாவை ஏற்ற வேண்டும் என்று முடிவெடுத்ததில் ஒரு சங்கடம். ஜூன் கடைசி என்றால் தூத்துக்குடியில் கச்சான் என்ற மேல்காற்று உச்சத்தில் வீசும் நேரம். இருந்தும் ஏற்றினோம். ஒரு முனை கம்பத்தில், மறுமுனை வேப்பமரத்தில் என்றால் மரம் ஆடும்போது கம்பி அறும். மரத்துப் பக்கம் கப்பி மாட்டி, கயிற்றின் மறுமுனையில் மணல் நிரப்பிய 5 லிட்டர் கேனைத் தொங்கவிட்டோம். மரம் ஆடினால் கேன் ஏறி இறங்கும், கம்பிக்கு இழுவை மாறாது. கயிறு நைலானாக இருந்தால் வெயிலில் இற்றுவிடும். துறைமுகப் பக்கத்துக் கடைகளில் படகுக்கு விற்கும் பாலியெஸ்டர் கயிறே சரி. முனைகளுக்கு ஸ்டே கம்பியில் போடும் பீங்கான் முட்டை இன்சுலேட்டர் போதும்.

நடுவிலிருந்து இறங்கும் ஏணிக்கம்பி குறைந்தது 6 மீட்டராவது நேர்க்குத்தாக இறங்கிய பிறகே பக்கவாட்டில் திரும்ப வேண்டும். மிச்சம் இருக்கிறதே என்று சுருட்டி வைக்கக் கூடாது. கைப்பிடிச் சுவரின்மேல் படுக்கப் போடுவது, தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியோடு சேர்த்துக் கட்டுவது, சிமென்ட் தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முறுக்குக் கம்பியில் சாய்ப்பது ஆகிய மூன்றையும் இந்த ஆண்டு வெவ்வேறு மாடிகளில் பார்த்தோம். கம்பிகளின் இடைவெளியைப்போல் பல மடங்கு தூரம் உலோகத்திலிருந்து விலகியிருந்தால்தான் இரு கம்பியிலும் மின்னோட்டம் சமமாக இருக்கும்.

பலூன் விஷயத்தில் சங்கத்துக்குள் நெடுநாள் வாதம் உண்டு. வார்னி தம் பழைய கட்டுரையில் பலூன் போடலாம் என்றவர். பின்பு சோதித்துப் பார்த்து, 1984-இல் அதைத் தாமே மாற்றிக்கொண்டார். ஏணிக்கம்பியின் அடியில் பெரும்பாலான பேண்டுகளில் எஸ்.டபிள்யூ.ஆர். அதிகம், அப்படிப்பட்ட இடத்தில் பலூனின் காந்த உள்ளகம் (கோர்) சூடேறும், காந்த நிறைவை எட்டும், சக்தி வீணாகும். பழைய கட்டுரையின் நகல் மட்டும் கையில் உள்ளவர்கள் இன்னும் பலூன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக எதுவுமே வேண்டாம் என்பதும் தவறு. கோஆக்ஸின் வெளியுறையில் மின்னோட்டம் ஏறினால் பேசும்போது மைக் உதட்டில் சுரீரென்று கடிக்கும், கம்ப்யூட்டரின் கீபோர்டு உறைந்து நிற்கும். ஏணிக்கம்பி முடிந்து கோஆக்ஸ் தொடங்கும் இடத்திலேயே கோஆக்ஸை 15 சென்டிமீட்டர் விட்டத்தில் 8 முதல் 10 சுற்றுச் சுற்றிக் கட்டினால் பெரும்பாலும் தீரும். இதற்கு 5 மீட்டர் கேபிள் கூடுதலாக வாங்க வேண்டும்.

அடுத்து, இந்த ஆன்டெனாமேல் சுமத்தப்படும் பெரிய பழி: "எல்லாப் பேண்டும் வேலை செய்யும் என்றார்கள், செய்யவில்லை." ட்யூனர் இல்லாமல் வேலை செய்யும் என்று வார்னி எங்கும் சொல்லவில்லை. ரிக்குக்குள், அதாவது வானொலிக் கருவிக்குள் இருக்கும் ட்யூனர் பொதுவாக எஸ்.டபிள்யூ.ஆர். 3-க்கு 1 வரைதான் சமாளிக்கும். அதை வைத்துக்கொண்டு 20-இல் நிம்மதியாக, 40-இல் பெரும்பாலும் பேசலாம். 80, 15, 10 பேண்டுகளுக்கு வெளி ட்யூனர் வேண்டும். 30 மீட்டர் இதற்கு ஆகாத பேண்டு. அங்கே கோஆக்ஸின் ஆன்டெனா முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். 30 என்று கொள்வோம். 20 மீட்டர் நீளமுள்ள ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கோஆக்ஸ் கேபிளில் நான்கில் மூன்று பங்கு சக்தி வெப்பமாகவே போய்விடும். விபரீதம் என்னவென்றால், அந்த இழப்பே ரிக் முனையில் எஸ்.டபிள்யூ.ஆரை 8-க்கும் கீழே இறக்கிக் காட்டும். மீட்டர் இறங்கியதைப் பார்த்து ஆன்டெனா நன்றாயிருக்கிறது என்று மகிழ்கிறவர் உண்மையில் கேபிளைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறார். கீழ்நிலை உரிமமான ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் 50 வாட்டுக்குள் பேசுகிறவர்களுக்கு இந்த இழப்பு இன்னும் வலிக்கும். ஏணிக்கம்பியை அறைவரை கொண்டுவந்து, இரு கம்பிக்கும் சமமாக ஊட்டும் சமநிலை வெளியீடுள்ள ட்யூனரில் நேராக இணைப்பதே சிறந்தது. வார்னியும் அதைத்தான் விரும்பினார். ட்யூனரே வேண்டாம் என்பவர்கள் பிரையன் ஆஸ்டின் 1980-களில் கணினியில் கணக்கிட்டு மாற்றிய இசட்.எஸ்.6.பி.கே.டபிள்யூ. வடிவத்தைப் பார்க்கலாம். மேல்கம்பி ஏறத்தாழ 28 மீட்டராகக் குறைந்து, ஏணிக்கம்பி நீளும். கூடுதல் பேண்டுகளில் எஸ்.டபிள்யூ.ஆர். தாழும். இரண்டின் அளவுகளையும் கலந்து கட்டினால் எதுவும் கிடைக்காது.

நம் ஊருக்கே உரிய கோளாறு உப்பு. உப்பளக் காற்று குறுக்குக்கட்டைகளில் வெள்ளைப் படலமாகப் படியும். பகலில் காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. விடியற்காலைப் பனியில் ஈரமானதும் கட்டை வழியே கசிவு தொடங்கி ட்யூனர் அமைப்பு நகர்ந்துவிடும். ஞாயிறு நெட்டில் காலை ஆறு மணிக்கு ஒரு அமைப்பும் எட்டு மணிக்கு இன்னொன்றும் வருகிறது என்றால் ரிக்கைக் குறை சொல்லாமல் கட்டைகளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்; வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு தடவை கட்டாயம். நடுவில் ஈயம் வைத்த இணைப்பு பச்சைக் களிம்பு பிடித்து, காற்றில் ஆடி ஆடி, ஈயம் முடிந்து கம்பி தொடங்கும் இடத்தில் சரியாக முறியும். பாரத்தை நடுத் தகடு தாங்க வேண்டும், ஈயம் தாங்கக் கூடாது. கோஆக்ஸ் இணைப்பில் முதலில் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப், அதன்மேல் பி.வி.சி. டேப். வெறும் பி.வி.சி. டேப் வெயிலில் உரிந்து, அடுத்த மழைக்குக் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கும். இடி மின்னல் மாதங்களில், மேகம் கறுக்குமுன்பே ஏணிக்கம்பியின் இரு கம்பியையும் கத்தி சுவிட்ச் வழியாக எர்த்துக்குத் தள்ளிவிட வேண்டும். இடி தொடங்கிய பின் லைனைத் தொடக் கூடாது.

வரும் ஆண்டுக்குக் குழு முன்வைப்பவை இரண்டு. சங்கத்துக்குச் சமநிலை ட்யூனர் ஒன்று கட்டுவது. அகன்ற இடைவெளியுள்ள இரட்டை வேரியபிள் கன்டென்சர் கிடைப்பதுதான் சிரமம், பழைய சாமான் கடைகளில் கண்ணில் பட்டால் வாங்கிவிட்டுத் தெரிவிக்கவும். இன்னொன்று, மழைக்கு முந்தைய மாதத்தில் உறுப்பினர் மாடிகளுக்குச் சென்று ஏணிக்கம்பியைச் சோதிப்பது. விரும்புவோர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகலாம்.

பட்டறைக்கு இடமும் வேப்பமரமும் கொடுத்த உறுப்பினர் குடும்பத்துக்கும், கம்பம் ஏறிய இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி. நானோ வி.என்.ஏ. பெட்டிக்குள் இருந்த ஓபன், ஷார்ட், லோட் என்ற மூன்று அளவுத்திருத்த முனைகளில் லோட் மட்டும் காணவில்லை. எடுத்துச் சென்றவர் இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிடவும். அது இல்லாமல் அளவியைத் திருத்த முடியாது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அனைவருக்கும் 73, வானொலி மொழியில் நல்வாழ்த்து.

செயலாளர்